சீரில் விட்டுப்போன தோட்டாக்கள்

போல்ட் மூடவில்லை.

சுப்பண்ணன் துப்பாக்கியின் பின்வாயை அடைக்கும் அந்த இரும்பின் கைப்பிடியை மறுபடியும் முன்னால் தள்ளிப் பார்த்தார். தோட்டா முக்கால்வாசி உள்ளே போய், அதற்கு மேல் வரமாட்டேன் என்று நின்றுகொண்டது. அவர் பலவந்தப்படுத்தவில்லை. மெல்லப் பின்னால் இழுத்து, தோட்டாவை வெளியே எடுத்து, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். புளி போட்டுத் துலக்கிய பித்தளை பளபளத்தது. அவர் கையால் வெடிமருந்து கொட்டி, அவர் கையால் குண்டு வைத்து அழுத்திய தோட்டா. பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்துப் போட்டார். அதுவும் அதே இடத்தில் நின்றது.

பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாலகோபால் சிரித்தார். சூலூர் விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ரைபிள் கிளப்பின் செயலாளர். வாய் சும்மா இருக்காது.

"என்னங்ணா, கண்ணு ஆப்ரேசன் உங்களுக்குப் பண்ணுனாங்களா, துப்பாக்கிக்குப் பண்ணுனாங்களா? அதுக்கும் லென்ஸ் வெச்சு உட்டுட்டாங்களாட்ட இருக்குதே."

"சித்த சும்மா இரு கோபாலு."

"நான் சும்மாத்தான் இருக்கறன். துப்பாக்கிதான் வாயத் தொறந்துட்டு மூடமாட்டீங்குது."

மதுக்கரைக்குப் போகும் வழியில், கரட்டுக் குன்றை ஒட்டி, சுட்டுப் பழகும் இடமாக இருந்தது கிளப்பின் ரேஞ்சு. ஆயுத பூஜை முடிந்திருந்தது. துப்பாக்கியின் கட்டையில் வைத்த சந்தனப் பொட்டு இன்னும் காயாத மாதிரி மின்னியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருதாசலம் நினைவுக் கோப்பைப் போட்டி. மருதாசலம் சுப்பண்ணனின் அப்பா. பட்டாளத்தில் இருந்தவர். பட்டாளம் கழித்துவிட்ட பழைய என்பீல்டு ஒன்றை, பொதுமக்கள் வைத்துக்கொள்ளும்படி குழல் மாற்றித் தந்தபோது, லைசென்ஸ் எடுத்து வாங்கியவர். தொண்டாமுத்தூர்த் தோட்டத்தில் யானை புகுந்தால் வெடி போட்டு விரட்டுவார்களே தவிர, இந்தத் துப்பாக்கியை ஒரு உயிரின் மேல் நீட்டியதில்லை. இது பந்தயத் துப்பாக்கி. மருதாசலம் இருந்தவரை ஜில்லாவில் இதை ஜெயித்த துப்பாக்கி கிடையாது. சூலூர்ப் பக்கம் பெரிய மில் வைத்திருந்த ஒருவர் வருஷா வருஷம் காரில் வந்து இறங்கி, வருஷா வருஷம் இதனிடம் தோற்றுப் போய்த் திரும்பினார். அந்தக் கதை இரண்டு வீட்டுக்கும் தெரியும்.

சுப்பண்ணன் கடைத் தோட்டா ஒன்றைப் போட்டுப் பார்த்தார். கம்பெனியில் செய்து வருகிற புதுத் தோட்டா. வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது, போல்ட் மூடிக்கொண்டது. சுட்டார். காலிக் கூட்டை எடுத்துத் தன்னுடைய பழைய கூட்டின் பக்கத்தில் வைத்தார். கட்டைவிரலால் இரண்டின் தோளையும், கழுத்துக்குக் கீழே சரிகிற இடத்தை, தடவினார்.

இன்னொரு முறை தடவிப் பார்த்தார்.

தோட்டா தயாரிக்கிறவர்களுக்குத் தெரிந்த ஒரு சங்கதி உண்டு. சுடும்போது பித்தளைக் கூடு அந்தக் குழலின் உள்வயிற்றுக்குத் தக்கபடி உப்பிக்கொள்ளும். ஒரு குழலில் உப்பியது இன்னொரு குழலின் வயிற்றுக்குச் சேராது. சிலர் காலிக் கூட்டை முழுவதுமாக அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். அப்போது எந்தத் துப்பாக்கிக்கும் போகும், ஆனால் பித்தளை சீக்கிரம் விரிந்துவிடும். சுப்பண்ணன் கழுத்தை மட்டும்தான் இறுக்குவார். உடம்பைத் தொடமாட்டார். ஆகவே அவர் போட்ட தோட்டா அவருடைய துப்பாக்கிக்கு மட்டும்தான் பொருந்தும். வேறு எதற்குள்ளும் நுழையாது. கிளப்பில் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். "சுப்பண்ணன் தோட்டா பத்தினி" என்பார் பாலகோபால்.

கடைத் தோட்டாவின் கூடு இப்போது ஒல்லியாக வெளியே வந்திருந்தது. அவருடைய பழைய கூடு தோளில் நல்ல தடிமன்.

"என்னங்ணா ஆச்சு?" பாலகோபால் எழுந்து வந்தார். குரலில் கேலி இல்லை.

"ஒண்ணுமில்ல. கூட்டுலதான் கோளாறு. கழுத்த இறுக்கறப்பப் பாக்காம உட்டுட்டேன்."

பாலகோபால் அவரையே பார்த்தார். தன் தோட்டாவில் கோளாறு என்று சுப்பண்ணன் சொல்லி அவர் கேட்டதில்லை.

வீட்டுக்குக் காரில் திரும்பினார்கள். வண்டி ஓட்டியது மகன் ரவிக்குமார். கோயம்புத்தூரில் பம்ப்செட் கம்பெனி நடத்துகிறவன். நல்ல பேரோடு இருக்கிறவன். இப்போதுதான் மகள் நந்திதாளைக் கட்டிக் கொடுத்தவன். எலெக்‌ஷன் சமயத்தில் துப்பாக்கிகளை எல்லாம் ஒப்படைக்கச் சொன்னபோது, டீலரிடம் கொண்டுபோய் வைத்தவன் அவன்தான். எலெக்‌ஷன் முடிந்து, அப்பாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகிக் கட்டுப் போட்டிருந்த நாட்களில், போய்த் திருப்பி எடுத்து வந்தவனும் அவன்தான். நடுவில் வேறு கை படவில்லை.

"என்னுது உள்ள போகமாட்டீங்குது ரவி."

"எதுங்கப்பா?"

"தோட்டா."

ரவிக்குமார் சாலையைப் பார்த்தபடி சிரித்தான். "கண்ணு ஆப்ரேசன் ஆனதுல அளவு தப்பியிருக்குமுங்க. புதுத் தோட்டா போகுதல்லங்க? அப்பறமென்ன. இனிமே கடைத் தோட்டாவே வாங்கிக்கலாமுங்கப்பா. இந்த வயசுல எதுக்கு மருந்தோட மல்லுக்கட்டறீங்க?"

அந்த ஒரு நிமிஷம் சுப்பண்ணன் அவனை நம்பினார். அதுதான் பிறகு அவரை மிகவும் வதைத்தது. தன் கையைத் தானே சந்தேகப்பட்டார். கண் மங்கி, தராசு முள்ளைத் தப்பாகப் பார்த்து, தோட்டாவை மோசமாகப் போட்டுவிட்டோமோ என்று வெட்கப்பட்டார். மறுநாள் காலையில் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தனியாக ஆட்டோ பிடித்து ரேஞ்சுக்குப் போனார். ஆபரேஷனுக்கு முன்னால் போட்டு வைத்த பழைய தோட்டாக்கள் கிளப்பின் இரும்பு அலமாரியில் இருந்தன. கண் நன்றாக இருந்தபோது போட்டவை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்றுகூட நுழையவில்லை.

கை தப்பவில்லை. குழல்தான் வேறு.

என்பீல்டுத் துப்பாக்கியில் குழலை மரம் மூடியிருக்கும். வெளியே தெரிவது மூக்கு மட்டும்தான். அப்பா கத்தியால் செதுக்கிய 'ம' எழுத்து கட்டையில் அப்படியே இருந்தது. போல்ட், நம்பர், தோல்வார் எல்லாம் பழையவை. உடம்பை வைத்துவிட்டு உயிரை மட்டும் யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

பூவாத்தாள் சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குத்துவிளக்கோடு சேர்த்துக் காலிக் கூடுகளையும் அவள்தான் துலக்குகிறாள். "பொம்பளைங்களுக்குப் பொன்னு துலக்கக் குடுப்பாங்க, எனக்கு இதைத்தான் குடுத்தாங்க" என்று சொந்தபந்தம், ஒறம்பறை என்று யார் வந்தாலும் சொல்லிச் சிரிப்பாள். சுப்பண்ணன் இரண்டு கூடுகளை அவள் முன்னால் மேடையில் நிறுத்தினார். ஒன்று பழையது. ஒன்று நேற்றுச் சுட்டது.

"ஏம்மணி, இது ரெண்டும் ஒரே துப்பாக்கியில சுட்டதாட்டத் தெரியுதா உனக்கு?"

அவள் கூடுகளைப் பார்க்கவில்லை. கண் வாசற்படிக்குப் போனது. ரவியின் செருப்பு அங்கே இருக்கிறதா என்று பார்த்த மாதிரி இருந்தது.

"நான் வேண்டாம்னுதானுங்க சொன்னேன்," என்றாள்.

சுப்பண்ணன் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். அவர் கேட்டது வேறு. வந்த பதில் வேறு. அந்தப் பதிலிலேயே எல்லாம் இருந்தது.

"என்ன வேண்டாம்னு சொன்ன?"

அவள் புளிக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நந்திதாளப் பாக்க வந்தப்ப அந்தச் சம்மந்தி துப்பாக்கியக் கேட்டாரல்லங்க. நீங்க முடியாதுன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்போட்டீங்க. அப்பறம் அவிய பேச்சுமூச்சில்லாம இருந்தாங்க. புள்ளையும் பையனும் ஏற்கெனவே புடிச்சுப்போயிப் பேசிட்டிருந்தாங்க. ரவிக்கு என்ன பண்றதுன்னு தெரியல. துப்பாக்கி வேண்டாம், குழல மட்டும் மாத்திக்கலாம்னு அவிய சொன்னாங்களாமா. அவியகிட்ட இருக்கறதும் இதே மாதிரித்தானாமா. அவிய குழலு நமக்கு, நம்ம குழலு அவியளுக்கு. எங்கயோ வெளியூருல கொண்டுபோயி மாத்திட்டு வந்துட்டான். உங்க கண்ணுல கட்டு இருந்துச்சு. தெரியாதுன்னு நெனச்சான்."

"நந்திதாளுக்குத் தெரியுமா?"

"புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க. சாமி சத்தியமா."

சுப்பண்ணனுக்கு ஞாபகம் வந்தது. சம்பந்தி லட்சுமிநாராயணன், வருஷா வருஷம் தோற்றுப்போன அந்த மில்காரரின் மகன். பெண் பார்க்க வந்தபோது காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கப்பா சாகற வரைக்கும் அந்தத் துப்பாக்கியப் பத்தித்தானுங்க பேசிட்டிருந்தாரு. எங்களுக்குக் குடுத்துருங்க" என்று சிரித்தார். "பொண்ணக் கேக்க வந்தவிய பொண்ணக் கேளுங்க" என்று சுப்பண்ணன் அதே சிரிப்போடு சொன்னார். அதன் பிறகு கொஞ்ச நாள் தகவல் இல்லை. பிறகு அவர்களாகவே மறுபடி வந்து, தட்டு மாற்றி, ஆவணியில் கல்யாணம் வைத்தார்கள்.

அதை அவர் தன் பிடிவாதத்துக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டார். கல்யாணப் பந்தலில் நாலு பேர் நடுவில் நின்று, "இல்லைன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். அப்படியும் எங்க ஊட்டுல பொண்ணு எடுத்தாங்க பாருங்க. குடும்பம்னா அப்படி இருக்கோணும்" என்று சத்தமாகச் சொன்னார். லட்சுமிநாராயணன் பக்கத்தில்தான் நின்றார். தலையை ஆட்டிச் சிரித்தார். ரவி குனிந்து யாருக்கோ சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தான். பூவாத்தாள் அவர் கையைப் பிடித்து, "வாங்க, பந்தியப் பாக்கலாம்" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அவர் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருக்கிறார்.

"நீயுமா பூவாத்தா," என்றார். கூடுகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ரவியை அவர் தேடிப் போகவில்லை. ரவி மாலையில் வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, அப்பாவின் முன்னால் வந்து நின்றான். "அப்பா, அது வெறும் இரும்புதானுங்க. புள்ளையோட வாழ்க்கை பெருசில்லீங்களா?" என்றான். சுப்பண்ணன் பேப்பரை மடித்தார்.

"எங்கிட்ட கேட்டியா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"குடுத்திருக்கமாட்டேன். ஆனா நீ கேட்டிருப்ப. நான் முடியாதுன்னு சொல்லியிருப்பேன். அது ரெண்டு பேருக்கும் மரியாதை. கண்ணுல கட்டுப் போட்டுட்டுக் கெடக்கற ஆளுகிட்ட எடுக்கறதுக்கு வேற பேரு. என்ற கையத் தப்புன்னு சொன்னியே ரவி, அதுக்கு என்ன பேரு?"

ரவி தலையைக் குனிந்தபடி உள்ளே போனான். பேச்சு அத்தோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமை வரை அந்த வீட்டில் சாப்பாடு போட்டார்கள், சாப்பிட்டார்கள்.

அந்தப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. முதல் குண்டு மருதாசலத்தின் பேரில். அது சுப்பண்ணன் கையால் போட்ட தோட்டாவாகத்தான் இருக்க வேண்டும்; அவரே சுடுவார். அதன் பிறகுதான் போட்டி. இந்த வருஷம் புதுச் சம்பந்தி என்பதால் லட்சுமிநாராயணனும் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தார். இத்தனை வருஷமாக வராதவர். புது மாப்பிள்ளையும் நந்திதாளும் கூட வந்திருந்தார்கள். அவள் ஓடி வந்து, "அப்பாரு, கண்ணு இப்ப நல்லாத் தெரியுதுங்களா?" என்று அவர் முகத்துக்கு நேராக விரலை ஆட்டினாள். கழுத்தில் தாலிக்கொடி புதுசாக மஞ்சள் பூத்திருந்தது.

"எல்லாம் தெளிவாத் தெரியுது கண்ணு," என்றார்.

அவள் முகத்தை ஒருமுறை ஊன்றிப் பார்த்தார். அதில் ஒளிவு எதுவும் இல்லை. பூவாத்தாள் சொன்னது உண்மைதான். இந்தப் பிள்ளையின் வீடு இன்றைக்கு உடைந்துவிடக் கூடாது; ஆனால் இவர்கள் முன்னால் தான் ஏமாந்தவனாக நின்று தொலைக்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதைதான் இருந்தது.

பாலகோபால் மைக்கில் பேர் சொன்னார். சுப்பண்ணன் வெள்ளை வேட்டி கசங்காமல் நிமிர்ந்து நடந்து சுடுமிடத்துக்குப் போனார். கையில் துப்பாக்கி இல்லை. ஒரு தோட்டா மட்டும் இருந்தது.

"இந்த வருஷம் மொதக் குண்டு எங்க சம்மந்தி சுடட்டும்," என்றார்.

கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள். லட்சுமிநாராயணன் எழுந்து வந்தார். அவருடைய துப்பாக்கி மேசை மேல் இருந்தது. கட்டை புதுசாக வார்னிஷ் போட்டு மின்னியது.

"எங்கிட்ட புதுத் தோட்டா இருக்குதுங்க சம்மந்தி," என்றார்.

"இருக்கட்டுமுங்க. எங்கப்பம் பேருல சுடறது எங்க ஊட்டுத் தோட்டாவாத்தான் இருக்கோணும். அது எங்க வழக்கம்."

"இல்லீங்க, அது என்னுதுக்குச் சேருமோ என்னமோ..."

"போட்டுப் பாருங்களே. சேரலீன்னா திருப்பிக் குடுத்துருங்க."

இதை அவர் மிக மெதுவாக, மிக மரியாதையாகச் சொன்னார். லட்சுமிநாராயணனின் கண் ரவியைத் தேடியது. ரவி தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. மறுக்க வழியில்லை. சம்பந்தி தோட்டாவை வாங்கினார்.

பாலகோபால் மைக்கைக் கீழே வைத்துவிட்டு ஓரடி முன்னால் வந்தார். அந்தத் தோட்டா எதற்குச் சேரும், எதற்குச் சேராது என்று அந்த ரேஞ்சில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை.

தோட்டா உள்ளே போனது. எங்கேயும் தட்டவில்லை, தயங்கவில்லை. ஊருக்குப் போயிருந்த ஆள் தன் வீட்டுக் கதவைத் திறந்து நுழைகிற மாதிரி போய் உட்கார்ந்தது. போல்ட் கிளிக்கென்று மூடிக்கொண்டது. அந்தச் சத்தத்தைச் சுப்பண்ணன் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறார்.

லட்சுமிநாராயணன் சுட்டார். கரட்டில் மோதி எதிரொலி வந்தது. தூரத்தில் பலகையின் நட்ட நடுவில் ஓட்டை. எல்லாரும் கை தட்டினார்கள். எல்லாரையும்விட அதிகமாக நந்திதாள் தட்டினாள். பாலகோபால் மட்டும் தட்டவில்லை. அவர் அந்தத் துப்பாக்கியின் குழலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுப்பண்ணன் மேசைக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை எடுத்து மேலே வைத்தார். அவர் போட்டு வைத்த தோட்டாக்கள் மொத்தமும் அதில் இருந்தன. மூடியைத் திறந்து சம்பந்தியின் பக்கம் நகர்த்தினார்.

"இதையும் நீங்களே சுட்டு முடிச்சுருங்க," என்றார். "சீருல இது ஒண்ணு விட்டுப்போச்சுங்க சம்மந்தி."

நந்திதாள் சிரித்துவிட்டாள். "அய்யோ அப்பாரு! சீருல யாராச்சும் துப்பாக்கிக் குண்டு வெப்பாங்களா?"

"நம்ம ஊட்டுல வெச்சுட்டாங்க கண்ணு."

கூட்டமும் சிரித்தது. நல்ல லொள்ளு என்று யாரோ சொன்னார்கள். லட்சுமிநாராயணன் சிரிக்க முயன்றார். முகம் ஒத்துழைக்கவில்லை. துப்பாக்கியை மேசையில் வைத்தார். கையை அதிலிருந்து எடுத்துக்கொண்டார், சூடான பாத்திரத்திலிருந்து எடுப்பது போல. அன்றைக்கு அவர் போட்டியில் சுடவில்லை. தோள் வலிக்கிறது என்று சொல்லி, சாப்பாட்டுக்கு நிற்காமல் கிளம்பிவிட்டார். தகரப் பெட்டி மேசையிலேயே இருந்தது.

கோப்பையை யாரோ ஒரு போலீஸ்காரர் ஜெயித்தார். சுப்பண்ணன் அதை எடுத்துக் கொடுத்து, கைகுலுக்கி, வாழ்த்துச் சொன்னார். கலைந்து போகும்போது பாலகோபால் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணா, லைசென்சுல எழுதாமக் கொழல மாத்தறது சின்ன விசயமில்லீங். ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

"நீ எதையும் பாக்கல கோபாலு."

"அண்ணா..."

"எம் பேத்தி அந்த ஊட்டுல இருக்குது. நீ எதையும் பாக்கல."

திரும்பி வரும்போது காரில் ரவிதான் முதலில் பேசினான். பேரூர் தாண்டியிருந்தது. "எல்லாருக்கும் முன்னால மானத்தக் காப்பாத்திப்போட்டீங்கப்பா," என்றான். உண்மையாகத்தான் சொன்னான்.

சுப்பண்ணன் முன்னால் ஓடும் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் காப்பாத்துனது அந்தப் புள்ளைய. மானத்த நீ மரத்துக்குள்ள வெச்சு மூடிக் குடுத்துட்ட. அத நான் எங்க போயித் தேடறது?"

ரவி கியரை மாற்றினான்.

"துப்பாக்கிய உம் பேருக்கு மாத்தறதுக்குக் கலெக்டராபீசுக்குப் போலாம்னு சொன்னனல்ல. அது வேண்டாம். நாளைக்கு ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு வாரேன். மாத்துன கொழலையும் எழுதிக் குடுத்துருவேன். யாரு மாத்துனதுன்னு கேப்பாங்க. நாந்தான்னு சொல்லிக்கறேன். அவிய பேரு வராது."

"அப்பா, உங்க பேருல எதுக்குங்க..."

"லைசென்சு என்ற பேருலதான இருக்குது."

வீட்டில் பூவாத்தாள் வாசலில் நின்றிருந்தாள். யாருடைய முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் இருவருக்கும் நடுவில் பார்த்தாள். சுப்பண்ணன் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தார். துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். மேடையில் அகலமான பாத்திரத்தில் புளித்தண்ணீர் இருந்தது. அதில் வீட்டில் இருந்த பழைய காலிக் கூடுகள் மூழ்கிக் கிடந்தன. ஒவ்வொரு போட்டி நாளும் அவர் கேட்காமலேயே அவள் செய்கிற வேலை.

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, கூடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். அவள் பின்னால் வந்து நின்றாள்.

"நான் துலக்கித் தாரேனுங்க. நீங்க எதுக்கு?"

"வேண்டாம் பூவாத்தா," என்றார். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இனிமே விளக்குக்கு மட்டும் கரைச்சாப் போதும்."